நாய் உண்ணி மருந்தைச் சிறிஞ்சில் வாங்காதீர்கள், அதுவும் வீட்டில் பூனை இருந்தால்

திருகோணமலையில் நாயும் பூனையும் சேர்த்து வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் ஜிம்மிக்கு உண்ணி. காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் பயறு மாதிரி உப்பிக்கொண்டு ஒட்டியிருந்தன. பிடுங்கிப் பிடுங்கி மண்ணெண்ணெய்ப் பேணியில் போட்டும் குறையவில்லை. பிடரியில் விடுகிற சொட்டு மருந்து நல்லது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். சரி என்று டவுனில் ஒரு கடைக்குப் போனேன்.

"பெட்டியோடு எடுத்தால் விலை தம்பி, இது அதே மருந்துதான்" என்று பிஸ்கட் டின்னுக்குள்ளிருந்து ஒரு சிறிஞ்சை எடுத்துத் தந்தார் கடைக்காரர். ஊசி இல்லை, மூடி மட்டும். உள்ளே எண்ணெய் மாதிரி ஏதோ. மேலே ஒரு எழுத்தும் இல்லை. 800 ரூபாய். வீட்டில் பூனையும் இருக்கிறது, பிரச்சினை இல்லையா என்று வாய்விட்டுக் கேட்டேன். "நாய்க்குத்தானே பூசப் போறீங்க, பூனைக்கு என்ன?" என்றார். நாயின் நிறையைக் கேட்கவே இல்லை. குளிப்பாட்டி, ஈரத்தோடு முதுகெல்லாம் தேய்க்கச் சொன்னார். நானும் மடையன் மாதிரித் தேய்த்தேன்.

எங்கள் பூனை ஜிம்மியின் முதுகில் சாய்ந்துதான் படுக்கும், நக்கியும் விடும். மறுநாள் காலை விறாந்தையில் அதன் காது துடித்துக்கொண்டிருந்தது. ஈ மொய்க்கிறதாக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் முதுகுத் தோல் தனியாகத் துள்ளியது, பிறகு நாலு காலும் நடுங்கின. துவாயில் சுற்றிக்கொண்டு ஓட்டோவில் மிருக வைத்தியரிடம் ஓடினோம்.

நாய்க்கு என்ன போட்டீர்கள் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. வெற்றுச் சிறிஞ்சைக் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பூனைக்கு நடுக்கம் நிற்க ஊசி போட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தால் உடம்பைக் கழுவத் தொடங்கினார். நான் திரும்பக் கடைக்கு ஓடி, சண்டை பிடித்துத்தான் பெட்டியைப் பார்த்தேன். உள்ளே இருந்த மருந்துகள் இமிடாகுளோப்ரிட், பெர்மெத்ரின். 25 கிலோவுக்கு மேற்பட்ட நாய்களுக்கு. பக்கத்திலேயே பூனைப் படத்தின் மேல் சிவப்புக் கோடு. ஜிம்மி 11 கிலோ.

பெர்மெத்ரின் நாய்க்கு ஆகும், பூனைக்கு நஞ்சு. பூனையின் ஈரலால் அதை வேகமாக உடைத்து வெளியேற்ற முடியாதாம். நேரே பூச வேண்டுமென்றில்லை, பூசிய நாயோடு உரசினாலே போதும். இரண்டு நாள் வைத்தியரிடம் கிடந்து எங்கள் பூனை பிழைத்தது. செலவைச் சொன்னால் வீட்டில் மறுபடி சண்டை வரும்.

இத்தனைக்கும் உண்ணி போகவில்லை. ஈர மயிரில் தேய்த்த மருந்து தோலில் இறங்கவே இல்லை. அப்புறம் வைத்தியர் 10 முதல் 20 கிலோ நாய்க்கான, ஃபிப்ரோனில் என்ற வேறு உண்ணி மருந்தின் டியூபை, பெட்டியை என் முன்னாலேயே பிரித்து எடுத்தார். தோள்பட்டை இரண்டுக்கும் நடுவே, நாக்கு எட்டாத இடத்தில் மயிரை விலக்கி, தோலில் விட்டார். போடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாள் குளிப்பு இல்லை, டச்பே கடலும் இல்லை. காயும்வரை பூனையை அறைக்குள் பூட்டி வைத்தோம், அது கத்திய கத்தல் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

காசைத் திருப்பிக் கேட்டதற்கு, "பூனைக்குப் போடச் சொல்லி நான் சொன்னேனா?" என்றார் கடைக்காரர். நேற்றும் அந்த வழியால் போனேன். பிஸ்கட் டின் மேசையில்தான் இருந்தது, நிறையச் சிறிஞ்சுகளோடு.