விடிலிக்கு எந்தப் பம்பு? 12 வோல்ட் மோட்டார்களும் பதனியும்

பனையில் இறக்கிய பதனியைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கும் குடிசைதான் விடிலி. அதற்குச் சின்னதாக ஒரு பம்பு வாங்கலாம் என்று கிளம்பினால், உரக்கடையில் தொங்கும் ஸ்பிரேயர் மோட்டார்தான் முதலில் கண்ணில் படும். திசையன்விளையானாலும் சாத்தான்குளமானாலும் அது கிடைக்கும். ரிப்பேர் பார்க்க ஆளும் உண்டு. ஆன்லைனில் தேடினால் ‘வெந்நீர் தாங்கும்’ என்று போட்ட காந்தப் பம்பு வரும். வெளிநாட்டில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் கொதிக்கும் மால்ட் தண்ணீரை மாற்ற இதைத்தான் வைத்திருக்கிறார்கள். நமக்கு வேலை பதனி என்றாலும் சிக்கல் ஒன்றேதான்: இனிப்பான, சூடான திரவத்தை வாளியில் தூக்காமல், கையைச் சுட்டுக்கொள்ளாமல், கெடுக்காமல் இடம் மாற்ற வேண்டும். அவர்களுக்கு இல்லாத தொல்லைகள் நமக்கு இரண்டு கூடுதல்: பதனி புளிக்காமலிருக்கக் கலயத்தில் தடவும் சுண்ணாம்பும், தேரி என்னும் செம்மணல் மேட்டின் மணலும்.

பம்பே தேவையா என்று முதலில் பாருங்கள். பீப்பாயை நாலடி உயரத் திட்டில் ஏற்றி, அடியில் டேப் வைத்துவிட்டால் பதனி தானாகத் தாச்சிக்கு, அதாவது காய்ச்சும் இரும்புச் சட்டிக்கு, இறங்கும். கலயங்களைச் சுமந்து வருகிறவர் அந்தத் திட்டில் ஏறிக் கவிழ்க்க வேண்டும் என்பதுதான் இதிலுள்ள சங்கடம். ஒரு நாளைக்கு 40 லிட்டர் வரைக்கும் இதுவே போதும். அதற்கு மேல் வந்தால்தான் பம்புக் கணக்கு.

ஸ்பிரேயர் மோட்டாரின் உள்ளே இருப்பது டயாபிரம். ரப்பர் தகடு முன்னும் பின்னும் அசைய, சின்ன வால்வுகள் திறந்து மூடும். தானாகவே உறிஞ்சிக்கொள்ளும், டியூபில் காற்று நின்றாலும் கவலையில்லை, பீப்பாய்க்கு மேலே வைத்தாலும் இழுக்கும். நிமிடத்துக்கு 3 முதல் 4 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 40 லிட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். பச்சைப் பதனியைப் பீப்பாயிலிருந்து ஏற்ற இதைவிட வசதியானது இல்லை. பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்தால்கூட மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுமே தவிர, வால்வுகள் ஒரே திசையில்தான் விடும் என்பதால் பதனி போகவேண்டிய பக்கமே போகும்.

சூடு என்றதும் கதை மாறும். இந்த வகை பெரும்பாலும் 45, மிஞ்சினால் 60 டிகிரிக்கு மேல் தாங்காது. ரப்பர் இளகி, வால்வு சரியாக மூடாமல், சத்தம் மட்டும் வரும். பிரஷர் சுவிட்ச் வேறு இருக்கிறது. துணி வடிகட்டி அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறி, மோட்டார் ‘டக் டக்’ என்று நின்று நின்று ஓடும். மோட்டார் கெட்டுவிட்டது என்று கழற்றாதீர்கள், துணியை அலசுங்கள். பூச்சி மருந்து அடித்த பழைய மோட்டாரை எத்தனை முறை கழுவினாலும் பதனிக்குக் கொண்டுவரக் கூடாது. ரப்பரில் ஏறிய மருந்து இறங்காது. புதிதாக வாங்கி, அதன் மேலே பெயிண்டால் ‘பதனி’ என்று எழுதி வையுங்கள். தோட்டத்துக்கும் விடிலிக்கும் ஒரே மாதிரி மோட்டார் இருக்கும் வீட்டில் இது அவசியம்.

வீட்டு ஆர்.ஓ. மெஷினில் வரும் 24 வோல்ட் பூஸ்டர் பம்பும் டயாபிரம்தான். குடிதண்ணீருக்கென்றே செய்தது என்பது அதன் நல்ல குணம். ஆனால் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் பக்கம்தான் தரும். 40 லிட்டருக்கே 40 நிமிடம் ஆகும். பாட்டில் நிரப்புகிறவர்களுக்கு வேண்டுமானால் ஆகும்.

அடுத்தது காந்தப் பம்பு. மோட்டாருக்கும் சுழலும் இறக்கைக்கும் நடுவே அச்சு கிடையாது. மூடிய பிளாஸ்டிக் சுவருக்கு இப்புறம் காந்தப்புலம் சுற்ற, அப்புறம் காந்தம் பதித்த இறக்கை சுற்றும். சீல் இல்லாததால் சீல் வழியாக ஒழுகும் பேச்சே இல்லை. 100 டிகிரி வரை தாங்கும் என்று போட்ட வகையைத்தான் வாங்க வேண்டும். உணவுக்கு ஆகும் பிளாஸ்டிக்கா என்றும் கேளுங்கள். நிமிடத்துக்கு 8 லிட்டர் என்று லேபிளில் இருக்கும். அது ஒரு முழம்கூட ஏற்றாமல் திறந்து விட்டால் வருவது. ஒரு மீட்டர் ஏற்றி, 12 மி.மீ. டியூபில் விட்டால் அதில் பாதிக்குப் பக்கத்தில் எதிர்பாருங்கள். பதனியில் சர்க்கரை பத்துப் பன்னிரண்டு சதவீதம்தான் என்பதால் தண்ணீரைப் போலவே ஓடும்.

இது தானாக உறிஞ்சாது. வாங்கியவர்கள் ‘ஓடுது, ஆனா ஏறல’ என்று திருப்பிக் கொடுக்கப் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பம்பு அண்டாவுக்குக் கீழே இருக்க வேண்டும், பதனி தன் எடையிலேயே வந்து அதன் வயிற்றை நிரப்ப வேண்டும், வெளியேறும் வாய் மேல்நோக்கி இருக்க வேண்டும். வாய் பக்கவாட்டில் இருந்தால் உள்ளே ஒரு காற்றுக் குமிழ் தங்கி, இறக்கை அதையே சுற்றிக்கொண்டு கிடக்கும். பம்பைச் சாய்த்து வாயை மேலே காட்டினால் ‘குபுக்’ என்று ஒரு சத்தம். அதோடு ஏறத் தொடங்கும்.

சுண்ணாம்பு தெளியவைத்த சூடான பதனியை அண்டாவிலிருந்து எடுக்கும்போது உயரம் இன்னும் முக்கியம். கொதிக்கு நெருங்கிய திரவத்தைக் கொஞ்சம் உறிஞ்சினாலே அது டியூபுக்குள்ளேயே ஆவியாகும். பம்புக்குள் சரளைக்கல் உருள்வதுபோல் கேட்கும். பம்பை அண்டாவின் அடிமட்டத்துக்கு 45 செ.மீ. கீழே வைத்தால், மேலே நிற்கும் பதனியின் எடை அதைத் தடுக்கும். கூடவே 80 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை பொறுங்கள். ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் வெளியேறும் பக்கத்து வால்வை மட்டும் திருகுங்கள். உள்ளே வரும் பக்கத்தைத் திருகினால் மறுபடியும் அதே சரளைச் சத்தம்தான்.

அண்டாவின் டேப்பை அடியோடு அடியாக வைக்காமல் 5 செ.மீ. மேலே வைத்தால், அடியில் படியும் சுண்ணாம்பு வண்டல் பம்புக்கு வராது. அண்டா எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியத்தைச் சுண்ணாம்புப் பதனி அரிக்கும். டேப், நிப்பிள் வாங்கும்போதும் இதைப் பாருங்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கெடும் விதத்திலேயே வித்தியாசம் தெரியும். தேரியின் செம்மணல் டயாபிரத்தின் வால்வில் ஒரு துணுக்கு உட்கார்ந்தாலே உறிஞ்சுவது நின்றுவிடும், கழுவினால் சரியாகும். காந்தப் பம்பில் அதே மணல் ஓடிக்கொண்டே இறக்கையின் அச்சைத் தேய்க்கும். அது வெளியே தெரிய நாளாகும். இரும்புத் தாச்சியைக் கழுவிய தண்ணீரை அதில் விட்டால், துருத் துகள்களைக் காந்தம் பிடித்துக்கொள்ளும். முன்பக்கத்து நாலு ஸ்குருவைக் கழற்றி இறக்கையை உருவினால் அதைச் சுற்றி மை பூசியதுபோல் கறுப்பு வளையம். துணியால் துடைத்தால் போய்விடும். மாதம் ஒருமுறை போதும். பதனி இல்லாமல் வெறுமனே ஓடுவதை டயாபிரம் பொறுக்கும், காந்தப் பம்பு பொறுக்காது. பிளஸ், மைனஸ் மாறினால் இதன் எலெக்ட்ரானிக் போர்டே போய்விடலாம். ‘12 வோல்ட்’ சோலார் பேனலில் நேராக மாட்டுவதும் அப்படித்தான்: சுமையில்லாத பேனல் வெயிலில் 20 வோல்ட்டைத் தொடும். நடுவில் சார்ஜ் கன்ட்ரோலரும் பேட்டரியும் வேண்டும்.

எதுவானாலும் முன்னால் ஒரு வடிகட்டி கட்டாயம். கலயத்திலிருந்து கவிழ்க்கும்போதே பன்னாடை ஒன்று, அதன் கீழே நைலான் துணி ஒன்று. எறும்பும் தேனீயும் பன்னாடையில் நிற்கும், மணல் துணியில் நிற்கும்.

டியூபை அழுத்தி அழுத்தித் தள்ளும் பெரிஸ்டால்டிக் பம்பில் பதனி டியூபைத் தவிர எதையும் தொடாது. சுத்தம் என்றால் அதுதான். ஆனால் சின்ன வகைகள் நிமிடத்துக்கு 100 மி.லி. பக்கம்தான் தரும். அதற்கு உள்ள ஒரே உருப்படியான வேலை, சுண்ணாம்பை முறிக்க உணவுத் தர பாஸ்பாரிக் அமிலத்தைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து மெதுவாக விடுவது. புளிப்பு, காரம் பார்க்கும் பி.எச். தாள் 7.5 பக்கம் காட்டும்போது நிறுத்த வேண்டும். கையால் ஊற்றினால் எல்லை தாண்டிவிடும்; பதனி புளிப்புப் பக்கம் போய்ச் சூடேறினால் சர்க்கரை உடைந்து, கருப்பட்டி சிரட்டையில் இறுகாமல் பிசுபிசுக்கும். முறிக்காமல் நேராகக் காய்ச்சுகிறவர்களுக்கு இந்தப் பம்பு தேவையே இல்லை.

பாட்டில் பதனிக்காகச் சூடேற்றி உடனே ஆற்றுகிறவர்கள் எவர்சில்வர் சுருள்குழாய் வழியாகப் பச்சைத் தண்ணீரைச் சுற்றவிடுவார்கள். அங்கே ஓடுவது தண்ணீர்தான், பதனி இல்லை. ஆகவே 12 வோல்ட் கூலர் பம்பைத் தொட்டிக்குள் போட்டால் போதும், காந்தப் பம்பை அதற்கு வீணாக்காதீர்கள். 230 வோல்ட் கூலர் பம்பு விலை குறைவுதான். ஈரக்கையும் ஈரத்தரையுமாக இருக்கும் இடத்தில் அந்தச் சிக்கனம் வேண்டாம்.

ஒயரில் பலர் கோட்டை விடுகிறார்கள். பேட்டரி 10 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 20 மீட்டர். ஸ்பிரேயர் மோட்டார் 3 ஆம்பியர் இழுக்கும்போது 0.5 சதுர மி.மீ. ஒயரில் 2 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும்; 1.5 சதுர மி.மீ. போட்டால் 0.7 வோல்ட். பேட்டரி பக்கத்திலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். ஸ்பிரேயரின் 12 வோல்ட் 8 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் பார்த்தால், 1 ஆம்பியர் இழுக்கும் காந்தப் பம்பு 4 மணி நேரம் ஓடும், ஸ்பிரேயர் மோட்டார் ஒன்றேகால் மணி நேரம். டியூபுக்கு சிலிகான், தோட்டத்து பி.வி.சி. டியூப் சூட்டில் துவண்டு, உறிஞ்சும் பக்கம் ஒட்டிக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் உடனே 5 லிட்டர் நல்ல தண்ணீர், பிறகு வெந்நீர் விட்டு ஓட்டுங்கள். டயாபிரத்துக்கு வெதுவெதுப்பு போதும். நேற்றைய பதனி ஒரு கரண்டி டியூபில் தங்கினாலும் இன்றைக்கு வருவதைப் புளிக்க வைக்கும். புளித்தால் கள், கள்ளுக்குத் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. வாரம் ஒருமுறை லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து 15 நிமிடம் சுற்றவிட்டால் சுண்ணாம்புப் படிவு நுரைத்துக் கரையும். அவசரத்துக்குப் புளித்தண்ணீரும் ஆகும்.

ஒரே ஒரு பம்புக்குத்தான் பணம் என்றால், அடுப்புக்குப் பச்சைப் பதனி மட்டும் ஏற்றுகிறவர்கள் புது ஸ்பிரேயர் மோட்டாரையும், தெளியவைத்துக் காய்ச்சுகிறவர்கள் காந்தப் பம்பையும் வாங்கலாம். பாகு திரண்டபின் இரண்டுமே ஆகாது, அகப்பைதான். 110 டிகிரி தாண்டிய பாகைப் பம்பில் விட்டுப் பார்த்தால் அது டியூபிலேயே கருப்பட்டியாக இறுகும். ராத்திரி முழுக்க வெந்நீரில் ஊறப்போட்டுத்தான் எடுக்க வேண்டும்.