லேப்ரடார் குட்டிக்கு எது சரி: தெரு நடையா, மொட்டை மாடியா, கொல்லைப்புறமா?

லேப்ரடார் குட்டி ஒன்று வீட்டுக்கு வந்ததும் பார்க்கிறவர்கள் எல்லாம் "நல்லா ஓட விடுங்க, அப்பத்தான் சேட்டை குறையும்" என்றார்கள். எங்கே ஓட விடுவது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. தாம்பரம் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் மூன்று வழிகள் இருந்தன. கயிறு கட்டித் தெருவில் நடத்தலாம், மொட்டை மாடியில் பந்து எறியலாம், கொல்லையில் மண்ணில் அவிழ்த்து விடலாம். மூன்றையும் பார்த்துவிட்டுக் கொல்லையைத் தேர்ந்தெடுத்தோம்.

தெருவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பார்வோ என்பது நாய்க் கழிவின் வழியாகப் பரவி, குட்டிகளின் உயிரையே எடுக்கக்கூடிய வைரஸ் நோய். அதற்கான தடுப்பூசி வரிசை 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, கடைசி ஊசி ஏறக்குறைய 16 வாரத்தில் வரும். அதுவரை மற்ற நாய்கள் கழிந்த இடத்தில் குட்டியை இறக்கி விடக்கூடாது. அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டி வைப்பதும் தப்பு. மூன்றாம் வாரத்திலிருந்து 14 வாரம் வரைதான் குட்டி உலகத்தைப் பயமில்லாமல் பழகிக்கொள்ளும் காலம். ஆட்டோ சத்தம், பால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாவற்றையும் தோளில் தூக்கிக்கொண்டே காட்டலாம். ஊசி முடிந்தபிறகு தெரு நடை கட்டாயம் வேண்டும். ஆனால் என்னைப் பொறுத்தவரை அது உடற்பயிற்சி என்பதைவிடப் பாடம். கயிற்றை இழுக்காமல் நடப்பதும், தெருநாய் குரைத்தாலும் பதறாமல் கடப்பதும் அங்கேதான் பழகும்.

மொட்டை மாடியில் வண்டி இல்லை, வேறு நாய் இல்லை. கைப்பிடிச்சுவர் உயரமாக இருந்து, வெயில் ஏறும் முன்போ தரை ஆறிய பிறகோ போனால் போதும். தரையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். நம் கை சில நொடி தாங்கவில்லையென்றால் குட்டியின் பாதமும் தாங்காது. இவ்வளவு வசதி இருந்தும் நான் மாடியை ஒதுக்கியதற்குக் காரணம் எலும்பு.

குட்டியின் நீள எலும்புகளின் முனையில் வளர்ச்சித் தட்டு என்று குருத்தெலும்பு உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். சிறிய இன நாய்களுக்கு அது ஒரு வயதுக்குள் கெட்டிப்படும். லேப்ரடார் போன்ற பெரிய நாய்களுக்கு ஒரு வயதைத் தாண்டி ஒன்றரை வயது வரைகூட ஆகலாம். அதுவரை அந்த இடம் மற்ற எலும்பைவிட மென்மையானது. பந்தை எறிந்தால் குட்டி என்ன செய்கிறது? முழு வேகத்தில் ஓடி, வழவழப்பான தரையில் சறுக்கி நின்று, உடம்பை முறுக்கித் திரும்புகிறது. அதையே திரும்பத் திரும்பச் செய்கிறது. லேப்ரடாருக்கு ஏற்கெனவே இடுப்பு மூட்டுப் பிறழ்வு, அதாவது தொடை எலும்பு இடுப்புக் குழியில் சரியாகப் பொருந்தாத கோளாறு, வரும் வாய்ப்பு அதிகம். பரம்பரைக்கு அதில் பெரிய பங்கு உண்டு, வளர்ப்புக்கும் உண்டு. 2012இல் வெளிவந்த நார்வே நாட்டு ஆய்வு ஒன்று லேப்ரடார் உட்பட நான்கு பெரிய இனங்களைப் பார்த்தது. பிறந்து மூன்று மாதத்துக்குள் தினமும் படிக்கட்டு ஏறி இறங்கிய குட்டிகளுக்கு அந்தப் பிறழ்வு வரும் அபாயம் கூடியிருந்தது. மெத்தென்ற, மேடுபள்ளமான தரையில் கயிறில்லாமல் திரிந்தவற்றுக்குக் குறைந்திருந்தது. ஒரே ஆய்வுதான். ஆனாலும் மொட்டை மாடிக்குப் போகப் படிக்கட்டுதான் வழி என்பதால் எனக்கு அது போதுமாக இருந்தது.

கொல்லையில் வேகத்தைக் குட்டியே முடிவு செய்கிறது. கொஞ்சம் ஓடும், தென்னை மட்டையை இழுக்கும், மோந்து பார்க்கும், களைத்தால் நிழலில் படுத்துவிடும். படுத்ததை நாங்கள் எழுப்புவதில்லை. இந்த வயதில் ஒரு நாளில் 18 மணி நேரம் தூங்குவதும் இயல்புதான். கடிப்பதும் பாய்வதுமாகச் சேட்டை கூடினால், பெரும்பாலும் அது தூக்கத்துக்கு ஏங்குகிறது என்று அர்த்தம். இன்னும் ஓட விட்டால் மோசமாகும். அவித்த முட்டையைப் பொடியாக்கித் தேங்காய் மட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தால், தேடித் தேடியே ஓடிய அளவுக்குக் களைத்துப்போகும். மூட்டுக்கும் வேலை குறைவு.

கொல்லைக்குப் பராமரிப்பு உண்டு. உண்ணிதான் பெரிய தலைவலி. உண்ணிக் காய்ச்சல் நாயின் உயிரையே எடுக்கும் என்பதால், வயதுக்கும் எடைக்கும் ஏற்ற மருந்தை டாக்டரிடம் கேட்டுத் தவறாமல் கொடுக்க வேண்டும். தினமும் காது மடல், விரலிடுக்கு எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும். செடிகளுக்கு வேலி போடாவிட்டால் வேரோடு வந்துவிடும். இன்னொன்று முக்கியம்: அந்த மண்ணில் முன்பு பார்வோ வந்த நாய் இருந்திருந்தால், ஊசி முடியாத குட்டியை அங்கே விடவே கூடாது. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

குட்டிக்கு எவ்வளவு நேரம் பயிற்சி என்று கேட்டால், "ஒவ்வொரு மாத வயதுக்கும் ஐந்து நிமிடம்" என்றொரு கணக்கு எல்லோரும் சொல்வார்கள். அதற்கு உறுதியான ஆய்வு ஆதாரம் கிடையாது. கயிறு கட்டி நடத்தும்போது மட்டும் ஓர் எல்லையாக நாங்கள் வைத்துக்கொள்கிறோம். கொல்லையில் கடிகாரம் பார்ப்பதில்லை. பைக்கில் கட்டி ஓட்டுவது எந்தக் குட்டிக்கும் வேண்டாம்.

சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஓட்ட நாய்களை நான் வளர்த்ததில்லை, அவற்றுக்கு வெட்டவெளி இன்னும் அதிகம் தேவைப்படலாம். கிணற்றிலோ குளத்திலோ நீந்த விட்ட அனுபவமும் எனக்கு இல்லை. ஃபிளாட்டில் இருப்பவர்கள் டைல்ஸ் மேல் கயிற்றுப் பாயோ ரப்பர் விரிப்போ போட்டு, மோப்ப விளையாட்டை வீட்டுக்குள்ளேயே நடத்தலாம். லிஃப்ட் இல்லையென்றால் குட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். மூன்று மாதம் வரை அதன் எடை நம் கை தாங்கும் அளவுதான்.