மினரல் ஆயிலா, டாட் திரவமா? சைக்கிள் டிஸ்க் பிரேக் சொதப்பும்போது எது கைகொடுக்கும்

ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் வைத்த சைக்கிளை வாங்கும்போது அதற்குள் என்ன எண்ணெய் ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. பிரேக் பிடிக்காமல் போகும் நாளில்தான் அந்தக் கேள்வி முளைக்கிறது. ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா கம்பெனிகளின் பிரேக் மூன்றிலும் மினரல் ஆயில், அதாவது பெட்ரோலிய எண்ணெய். ஹோப் பிரேக்கிலும் ஸ்ராமின் பெரும்பாலான மாடல்களிலும் கார், பைக் பிரேக்கில் ஊற்றும் டாட் திரவம். ஸ்ராமிலேயே டிபி8, மேவன் போன்ற புதியவை மினரலுக்கு மாறிவிட்டன.

புதிதாக இருக்கும்போது நிறுத்தும் திறனில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. என் ஓட்டு மினரலுக்கு. காரணம் ஒன்றே ஒன்று: பராமரிப்பு.

எண்ணெய் மேல் பழி போடும் முன் பிரேக் லிவரை அழுத்திப் பாருங்கள். லிவர் கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் குற்றவாளி டிஸ்க்கைக் கவ்வும் பேட்தான். செயினுக்கு எண்ணெய் போடும் ஸ்ப்ரே பட்டிருக்கும், இல்லையென்றால் மேற்பரப்பு கண்ணாடி போல் பளபளத்துப்போயிருக்கும். ரோட்டரை (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்) ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, பேடை உப்புத்தாளில் தேய்த்து, மணிக்கு 20 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு ஒரு இருபது தடவை பிரேக் பிடித்துக் குறைத்தால் பளபளப்பு போய்ப் பிடிப்பு திரும்பும். எண்ணெய் ஊறிய பேட் தேறாது, மாற்றிவிடுங்கள். ஷிமானோவில் உராய்வுப் பகுதி 0.5 மி.மீ.க்கும், ரோட்டர் 1.5 மி.மீ.க்கும் கீழே தேய்ந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

லிவர் பஞ்சு போல் அமுங்கி, நாலு தடவை அடித்தால் கெட்டியாகிறதா? உள்ளே காற்று. இங்கேதான் இரண்டின் வழியும் பிரிகிறது.

மினரல் ஓடும் ஷிமானோவில் காற்றை வெளியேற்ற, சக்கரத்தைக் கழற்றி, பேடை எடுத்து, அந்த இடத்தில் பிளீட் பிளாக் என்ற பிளாஸ்டிக் கட்டையைச் செருகி, லிவரைத் தரைக்கு இணையாகத் திருப்புங்கள். 2.5 மி.மீ. ஆலன் கீயால் மேல் திருகைக் கழற்றிப் புனலைப் பொருத்தி, கால் பங்கு எண்ணெய் ஊற்றி, ஹோஸைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே லிவரை மெதுவாக இழுத்துவிடுங்கள். புனலுக்குள் கடுகளவு குமிழிகள் ஒவ்வொன்றாக எழும்பும். அது நின்றதும் வேலை முடிந்தது. பெரும்பாலும் பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பரைத் திறக்கவே வேண்டியிருக்காது. கையில் பட்டால் சோப்பு போதும். மிஞ்சிய எண்ணெயை மூடி வைத்தால் அடுத்த முறைக்கு ஆகும்.

ஸ்ராமின் டாட் பிரேக்கில் இரண்டு சிரிஞ்ச், கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி எல்லாம் வேண்டும். சிரிஞ்சில் வெற்றிடம் இழுத்துத் திரவத்தில் கரைந்த காற்றை முதலில் எடுக்க வேண்டும். ஒரு சொட்டு ஃப்ரேமில் விழுந்தால் பெயின்ட் போச்சு. உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

இதையெல்லாம்விட ஈரம்தான் பெரிய தலைவலி. டாட் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 5.1 புதிதாக இருக்கும்போது குறைந்தது 260 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம், 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிவிட்டால் அந்த அளவு 180 ஆகிவிடும். டாட் 4-க்கு 230, 155. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை விடாமல் பிடித்து இறங்குபவருக்கு கொதிநிலை இப்படிக் குறைவது சின்ன விஷயமில்லை. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் வருஷத்துக்கு ஒரு முறை திரவம் மாற்றுவதே நல்லது. திறந்த பாட்டிலைப் பத்திரப்படுத்தியும் பயனில்லை.

டாட் பக்கமும் நியாயம் உண்டு. மினரலில் தண்ணீர் கரையாது. உள்ளே போனால் கேலிப்பரின் அடியில் தேங்கி 100 டிகிரியிலேயே கொதிக்கும். டாட் 4 எந்த டூவீலர் ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும், ஸ்ராமும் அதை ஏற்கிறது. மினரலுக்கு நல்ல சைக்கிள் கடையைத் தேட வேண்டும். பேடைத் தள்ளும் பிஸ்டன், கசிவைத் தடுக்கும் சீல் அடங்கிய கிட்டை ஸ்ராம் தனியாக விற்கிறது. ஷிமானோவில் கேலிப்பர் கசிந்தால் முழு கேலிப்பரையே மாற்ற வேண்டியதுதான், இது உண்மையிலேயே வலிக்கும். கனமான இ-பைக்கில் நாலு பிஸ்டன் பிரேக் போட்டு மலை இறங்குபவர்களுக்கு இந்தத் தீர்ப்பை நான் அழுத்திச் சொல்லமாட்டேன்.

எதை வைத்திருந்தாலும் ஒன்றுக்குள் மற்றொன்றை ஊற்றாதீர்கள். சீல்கள் ஊதி, பிஸ்டன் திரும்பாமல் மாட்டிக்கொள்ளும். சிரிஞ்ச்கூட இரண்டுக்கும் தனித்தனியாக இருக்கட்டும். டாட் 5 என்று எழுதிய பாட்டில் சிலிக்கோன் திரவம், 5.1 அல்ல, எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.