கொல்கத்தா எழுத்தாளர் நடை: வழிகாட்டிக்கு 5-க்கு 2, காபி ஹவுசுக்கு 5-க்கு 5

போன மாதம் கொல்கத்தா போயிருந்தபோது, எழுத்தாளர்கள் புழங்கிய இடங்களைச் சுற்றிக்காட்டுகிறோம் என்று விளம்பரம் பார்த்து, நானும் என் மனைவியும் ஆளுக்கு 1,200 ரூபாய் கட்டி ஒரு நடைப்பயணத்தில் சேர்ந்தோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கூட்டிக்கொண்டு போன பையன் தங்கமான பையன், ஆனால் காலில் சக்கரம் கட்டியிருந்தான். காலேஜ் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகளில் ஒரு புத்தகத்தைப் புரட்டவிடவில்லை. பிரெசிடென்சி பல்கலைக்கழகத்துக்கு எதிரே இருக்கும் இந்தியன் காபி ஹவுசுக்குப் படியேற்றிக் கூட்டிப்போய், இங்கே இன்னார் உட்கார்ந்தார், அங்கே அன்னார் உட்கார்ந்தார், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். சரியாகப் பதினைந்து நிமிடம், அதற்குள் அடுத்த இடம். உட்காருவதற்கென்றே இருக்கிற ஒரு இடத்தில் உட்காரவிடாமல் காசு வாங்குவது எனக்குப் புதிது.

மறுநாள் நாங்களே காபி ஹவுசுக்குப் போனோம். அந்த ஊரிலேயே முப்பது வருஷமாக இருக்கும் நண்பர் ஒருவரும் கூட வந்தார். 1876-இல் ஆல்பர்ட் ஹாலாகத் தொடங்கிய கட்டடம், 1942-இல் அரசின் காபி போர்டு அங்கே கடை போட்டது, 1958 முதல் தொழிலாளர் கூட்டுறவு நடத்துகிறது. உயரமான கூரை, நீளக் கம்பியில் தொங்கும் மின்விசிறிகள், தலைப்பாகை கட்டிய பரிமாறுகிறவர்கள், சுவரில் பெரிய தாகூர். இன்ஃப்யூஷன் என்று கேட்டால் பால் இல்லாத காபி வரும். நம் ஊர் டிகாக்ஷனோடு அதை ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள், அது வேறு ஜாதி. கபிராஜி கட்லெட் சொல்லுங்கள், மேலே முட்டை வலைபோலப் பொரிந்து தட்டையே மூடியிருக்கும், கரண்டி பட்டால் நொறுங்கும்.

ஆனால் இந்தக் கடையின் உண்மையான சரக்கு நாற்காலி. ஒரு கோப்பையை வாங்கிவிட்டு மூன்று மணி நேரம் பேசலாம், யாரும் எழுப்பவில்லை. பையில் காசில்லாத இளைஞர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? 1953-இல், பின்னாளில் பெரிய வங்க எழுத்தாளரான சுனில் கங்கோபாத்யாய் நண்பர்களோடு சேர்ந்து கிருத்திபாஸ் கவிதைப் பத்திரிகையைத் தொடங்கியபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அந்தக் கூட்டம் கூடிக் கூடிப் பேசிய இடங்களில் இதுவும் ஒன்று. வங்காளிகள் இந்தப் பேச்சை அட்டா என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வெட்டிப் பேச்சுதான், என் மாமனார் பார்த்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

நண்பர் சொன்னதில் எனக்குப் பிடித்தது சுனிலின் நண்பர் சமீர் ராய் சௌத்ரியின் கதை. மீன்வளத் துறை வேலையில், இன்றைய ஜார்க்கண்டில் இருக்கும் சாய்பாசாவில் இருந்தவர். கவிஞர் சக்தி சட்டோபாத்யாய் அவர் வீட்டில் போய் மாதக்கணக்கில் தங்கிவிடுவார், முதல் தொகுப்பின் கவிதைகள் பல அங்கே எழுதியவைதான். சுனிலின் முதல் தொகுப்பை வெளியிட்டதும் இதே சமீர்தான். ஒருவன் மாதச் சம்பளம் வாங்கினான், மற்றவர்கள் எழுதினார்கள், அவ்வளவுதான் கணக்கு! நண்பர்களோடு காட்டுக்குப் போய்ச் சுற்றியதைத்தான் சுனில் 'அரண்யேர் தின் ராத்ரி' நாவலாக்கினார், 1970-இல் சத்யஜித் ராய் அதைப் படமாகவும் எடுத்தார்.

அப்புறம் வழிகாட்டிப் பையன் வாயே திறக்காத பகுதி. 1961-இல் சமீரின் தம்பி மலய் தொடங்கிய 'பசித்த தலைமுறை' (ஹங்ரி ஜெனரேஷன்) என்ற கலகக் கவிஞர்களின் இயக்கத்தில் சக்தியும் முதல் ஆட்களில் ஒருவர். 1964-இல் மலயின் ஒரு கவிதை ஆபாசம் என்று போலீஸ் அவரைக் கைது செய்தது. வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சியாகக் கூண்டேறியவர்களில் ஒருவர் யார் தெரியுமா, சக்தி. அண்ணன் வீட்டில் சாப்பிட்டவர், தம்பிக்கு எதிராகச் சொன்னார். அந்த இயக்கத்தையே பிடிக்காத, அமெரிக்காவிலிருந்து மலயைத் திட்டிக் கடிதம் எழுதிய சுனில், திரும்பி வந்து மலய் தரப்பில் சாட்சி சொன்னார். கீழ்க்கோர்ட்டில் 200 ரூபாய் அபராதம், 1967-இல் உயர் நீதிமன்றத்தில் விடுதலை. இதைக் கேட்ட பிறகு எதிர் மேசையில் கத்திக்கொண்டிருந்த நாலு கல்லூரிப் பையன்களை வேறு மாதிரிப் பார்க்கத் தோன்றியது. இதில் யார் யாருக்குச் சோறு போடப்போகிறான், யார் யாருக்கு எதிராகக் கூண்டேறப்போகிறான்?

போகிறவர்களுக்கு ஒன்று. சத்தம் காதைப் பிளக்கும், அமைதியாகப் புத்தகம் படிக்கலாம் என்று போகாதீர்கள். தனியாகவும் போகாதீர்கள், கூட வாயாடி ஒருவர் கட்டாயம் வேண்டும். மேலே பால்கனியில் இடம் கிடைத்தால் மொத்தக் கூடமும் தெரியும். நடைப்பயணக் காசுக்கு எங்கள் மூன்று பேர் கட்லெட்டும், இரண்டு சுற்றுக் காபியும், கீழே கடையில் நாலு பழைய புத்தகமும் போக மீதி இருந்தது.

நாங்கள் மூன்றாவது காபிக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது அதே பையன் அடுத்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு வந்தான். என்னை அடையாளம் தெரியவில்லை. எங்கள் மேசைப் பக்கம் கைநீட்டி ஏதோ சொன்னான், எல்லோரும் போனை எடுத்தார்கள்.