«வேலை உறுதி» என்று பணம் வாங்கும் நோயாளர் பராமரிப்புப் பயிற்சி: எனக்கு நேர்ந்தது

கொழும்பில் தனியார் மருத்துவமனை ஒன்றில் நோயாளர் பராமரிப்பு உதவியாளராகச் சேரலாம் என்று நம்பி, ஒரு பயிற்சி நிலையத்தில் 65,000 ரூபாய் கட்டினேன். ஏழு மாதங்கள் வாட்டில் வேலை செய்த பிறகு, நான் யாருடைய ஊழியர் என்று காட்டுவதற்கு ஒரு துண்டுக் கடதாசிகூட என்னிடம் இருக்கவில்லை. தொழில் திணைக்களத்தில் விசாரணை நடந்துகொண்டிருப்பதால் நிலையத்தின் பெயரையோ மருத்துவமனையின் பெயரையோ இங்கே குறிப்பிடவில்லை. அவர்கள் கையாண்ட முறையை மட்டும் சொல்கிறேன். இதே முறையில் வேறு பலரும் நடத்துகிறார்கள் என்பதை நாரஹேன்பிட்டியிலுள்ள அந்தத் திணைக்களத்துக்கு அலைந்த நாட்களில் அறிந்துகொண்டேன்.

நான் அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவள். சாதாரண தரம் முடித்துவிட்டுக் கொட்டாஞ்சேனையில் சித்தியின் வீட்டில் தங்கியிருந்தபோது, 2025 மே மாதத்தில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். மூன்று மாதப் பயிற்சி, அதன்பின் வேலை உறுதி, ஆறு மாத அனுபவத்துடன் இஸ்ரேலுக்குப் போகும் வாய்ப்பு என்று அதில் இருந்தது. வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். அங்கிருந்த மேடம், "தங்கச்சி, நீங்கள் தமிழும் சிங்களமும் பேசுகிறீர்கள், உங்களைப் போன்றவர்களைத்தான் ஆஸ்பத்திரிகள் தேடுகின்றன" என்று அன்பாகவே பேசினார். அம்மாவின் காப்பை அடகு வைத்துப் பணம் கட்டினோம். தரப்பட்ட பற்றுச்சீட்டில் "பதிவு மற்றும் சீருடை" என்று மட்டுமே எழுதியிருந்ததையும், பயிற்சி என்ற சொல்லே அதில் இல்லை என்பதையும் நான் கவனித்தது ஐந்து மாதங்களுக்குப் பிறகுதான்.

கையெழுத்திட்ட ஒப்பந்தம் இரண்டு பக்கங்கள், முழுவதும் சிங்களத்தில். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. தமிழில் ஒரு பிரதி கேட்டபோது, "எல்லாம் வழமையான விஷயம்தான், தங்கச்சி" என்றார்கள். வாசிக்காமலே கையெழுத்திட்டதுதான் நான் செய்த மிகப் பெரிய தவறு. இரண்டு வருடத்துக்குள் விலகினால் 40,000 ரூபாய் கட்ட வேண்டும் என்பதும், பயிற்சிக் காலம் "நிலையம் தீர்மானிக்கும் வரை" நீடிக்கும் என்பதும் அந்தப் பக்கங்களில்தான் இருந்தன. சாதாரண தரச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் மூலப் பிரதியாகவே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மூன்று மாதப் பயிற்சி உண்மையில் ஒன்பது நாட்கள்தான். ஒரு கை கழன்ற பிளாஸ்டிக் பொம்மையை வைத்துக் கட்டில் விரிப்பு மாற்றவும் இரத்த அழுத்தம் பார்க்கவும் காட்டினார்கள். பத்தாம் நாள், "செய்முறைப் பயிற்சி" என்ற பெயரில் வாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வேலையைப் பற்றி நான் குறை சொல்ல வரவில்லை. நோயாளியைத் துடைத்துவிடுவது, பெட்பான் வைப்பது, சிறுநீர்ப் பையை அளந்து ஊற்றிக் குறித்துவைப்பது, தள்ளுவண்டியில் எக்ஸ்ரேக்குக் கொண்டுபோவது, இரத்த மாதிரிகளை ஆய்வுகூடத்தில் சேர்ப்பது எல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிட்டன. பக்கவாதத்தால் ஒருபக்கம் அசையாத ஐயா ஒருவர் இருந்தார். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்ட வேண்டும். அவருக்குக் கீழே குறுக்காக விரித்த துணியை இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் வாட்டுத் தாதியான மிஸ்ஸும் சுருட்டிப் பிடித்து ஒன்றாக இழுத்தால்தான் தோல் உரசாமல் திரும்புவார். மிஸ் வேறு நோயாளியிடம் இருக்கும்போது தனியாகப் புரட்டி, இரண்டு கிழமை இடுப்பு நோவோடு வேலை செய்தேன். அந்த ஐயாவின் மனைவி என்னை "மகள்" என்றுதான் கூப்பிடுவார். அவருடைய பில்லில் பராமரிப்புக்கென்று தனிக் கட்டணம் இருந்ததை அவரே ஒருநாள் எனக்குக் காட்டினார். அந்த ஒரு நோயாளியிடம் ஒரு நாளைக்கு வாங்கிய தொகை, எனக்குத் தரப்பட்ட நாள் கூலியை விட இரண்டு மடங்குக்கும் மேல்.

எனக்குக் கிடைத்தது மாதம் 18,000 ரூபாய், கையில் காசாக. அதைச் சம்பளம் என்று சொல்லவில்லை. "பயிற்சிக் கொடுப்பனவு" என்றார்கள். வேலை பன்னிரண்டு மணித்தியாலம். மருத்துவமனையின் சொந்த உதவியாளர்களுக்கு நீலச் சீருடை, எங்களுக்கு வெளிர் பச்சை. அந்த நிற வேறுபாட்டின் அர்த்தம் நவம்பர் மாதத்தில் விளங்கியது. மஞ்சள் கழிவுப் பையைக் கட்டும்போது உள்ளிருந்த ஊசியொன்று கையுறையைத் துளைத்துப் பெருவிரலில் ஏறியது. ஊசிகள் தனிப் பெட்டிக்குள் போக வேண்டியவை. யாரோ பைக்குள் போட்டிருந்தார்கள். மிஸ் உடனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லி, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டார். மூன்று தடவையாக, முதலாவதிலிருந்து ஒரு மாதத்திலும் ஆறு மாதத்திலும் போட வேண்டிய அந்த ஊசியில் ஒன்றுகூட எனக்குப் போடப்பட்டிருக்கவில்லை. மருத்துவமனை அலுவலகத்துக்குப் போனபோது, "நீங்கள் எங்கள் ஊழியர் இல்லை, உங்களை அனுப்பியவர்களிடம் கேளுங்கள்" என்றார்கள். வெள்ளவத்தைக்குத் தொலைபேசி எடுத்தால், "வாட்டில் நடந்ததை வாட்டில்தானே பார்க்க வேண்டும்" என்றார் மேடம். இரத்தப் பரிசோதனையை என் காசில் செய்தேன். நல்லவேளையாக ஒன்றும் இல்லை.

அந்த வாரமே, ஊழியரின் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியைப் பற்றியும் கேட்டேன். "மாணவிக்கு ஏது சேமலாப நிதி?" என்று சிரித்தார் மேடம். டிசம்பரில் விலகி நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்துக்குப் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் பொறுமையாக விளக்கியபோதுதான், அந்தச் சிரிப்புக்கு அடிப்படையே இல்லை என்று தெரிந்தது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி, பயிலுநராக இருந்தாலும் தற்காலிகமாக இருந்தாலும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே சேமலாப நிதி சேர வேண்டும்: ஊழியரிடமிருந்து 8 சதவீதம், தொழில்தருநரிடமிருந்து 12 சதவீதம். அதற்கு மேலாக, தொழில்தருநர் சம்பளத்தின் 3 சதவீதத்தை ஊழியர் நம்பிக்கை நிதிக்குச் செலுத்த வேண்டும். தேசிய குறைந்தபட்ச வேதனம் 2025 ஏப்ரலிலிருந்து 27,000 ரூபாய், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாய் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"வேலை செய்ததற்கு என்ன அத்தாட்சி?" என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி. சம்பளச் சீட்டு இல்லை, வங்கிப் பதிவு இல்லை, நியமனக் கடிதம் இல்லை. என்னைக் காப்பாற்றியவை, வாட்டுச் சுவரில் ஒட்டும் கடமைப் பட்டியலை எந்தெந்த நாட்கள் என்று மறக்காமலிருக்க மாதாமாதம் தொலைபேசியில் பிடித்து வைத்திருந்த படங்கள்தான். ஏழு பட்டியலிலும் சிஸ்டரின் கையெழுத்தில் என் பெயர் இருக்கிறது.

பயிற்சிச் சான்றிதழ் விஷயமும் பொய்தான். பொன்னிற முத்திரை குத்தித் தந்த தாளில் எந்தப் பதிவு இலக்கமும் இல்லை. தொழிற்பயிற்சி நிலையங்கள் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்க வேண்டும். பதிவு இருக்கிறதா என்பதை ஆணைக்குழுவின் இணையத்தளத்திலேயே பார்க்கலாம். பணம் கட்டுவதற்கு முன் பத்து நிமிடம் செலவழித்திருந்தால் நானும் பார்த்திருப்பேன். இஸ்ரேல் கதையும் அப்படியே. அந்நாட்டுப் பராமரிப்பு வேலைக்கான ஆட்சேர்ப்பு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் ஊடாக நடப்பது. இடையில் ஒருவர் பணம் கேட்டால் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்டுவிடுங்கள்.

இப்படி ஒரு வேலைக்குப் போகிறவர்கள் சம்பளத் தொகையைக் கேட்பதற்கு முன்னால், நியமனக் கடிதத்தில் தொழில்தருநர் என்று யாருடைய பெயர் வரும் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாத இடத்தில் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். ஒப்பந்தத்தை உங்களுக்கு வாசிக்க வரும் மொழியில் கேளுங்கள்; தராவிட்டால் வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். மூலச் சான்றிதழ்களை எவர் கேட்டாலும், காட்டிவிட்டுப் பிரதியை மட்டும் கொடுங்கள்.

முதல் விசாரணைக்கு அழைப்பு வந்ததும் என் மூலச் சான்றிதழ்களைத் திருப்பித் தந்துவிட்டார்கள். 40,000 ரூபாயைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லை. 65,000 ரூபாயும் சேமலாப நிதியும் இன்னும் நிலுவை. எனக்கு இப்போது பணத்தை விட அவசரமாகத் தேவைப்படுவது ஒரு சேவைக் கடிதம். செய்த வேலையின் அனுபவத்தைக் காட்டியே தேசிய தொழிற் தகைமைக்கான மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது, அதற்கு அந்தக் கடிதம் வேண்டும். மருத்துவமனை நிலையத்தைக் கேட்கச் சொல்கிறது, நிலையம் மருத்துவமனையைக் கேட்கச் சொல்கிறது. அடுத்த விசாரணைக்கு இரு தரப்பையும் ஒரே நாளில் அழைத்திருப்பதாக உத்தியோகத்தர் சொன்னார்.