அகலிகை கதை: வால்மீகியா, கம்பரா?

அகலிகை கதையை எந்த ராமாயணத்திலிருந்து சொல்வது என்று குழம்புகிறவர்களுக்காக.

தெரிந்து செய்தாளா?
வால்மீகி: ஆமாம். கணவர் கௌதமரின் வேடத்தில் வந்தவன் இந்திரன் என்று தெரிந்தே, தேவராஜன் மேல் எழுந்த ஆவலில் இசைகிறாள்.
கம்பர்: முதலில் தெரியாது. நடுவில் உணர்கிறாள், ஆனாலும் 'தக்கது அன்று' என்று விலகவில்லை. அந்த ஒரு கணத்தை இவ்வளவு நுட்பமாகப் பிடித்ததால் என் ஓட்டு கம்பருக்கு. அப்புறம் அவரே விசுவாமித்திரர் வாயால் 'நெஞ்சினால் பிழைப்பிலாள்' என்கிறார்! எனக்கு இன்னும் அந்த இடம் கொஞ்சம் இடிக்கிறது.

சாபம்?
வால்மீகி: கல்லெல்லாம் கிடையாது. காற்றே உணவாக, சாம்பலில் கிடந்து, யார் கண்ணிலும் படாமல் தவம்.
கம்பர்: கல். பாட்டிகள் சொன்னது இதுதான்.

மீட்பு?
வால்மீகி: ராமனும் லட்சுமணனும் அவள் காலைத் தொட்டு வணங்குகிறார்கள்.
கம்பர்: ராமனின் கால்தூசி பட்டு எழுகிறாள்.

சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்ல, கல் பெண்ணாகும் காட்சிக்காகவே கம்பர். பெண்ணின் விருப்பம், தண்டனை என்று பெரியவர்கள் உட்கார்ந்து விவாதிக்க வேண்டுமா? வால்மீகியின் பாலகாண்டம், 48, 49-ஆம் சர்க்கங்கள் (அத்தியாயங்கள்).