நாலு மணி நேரத்துக்குப் பணம் கட்டி, ஒரு மணி நேரம் கொரில்லா பார்த்த கதை

உகாண்டாவுக்குப் போய் கொரில்லாவைப் புகைப்படம் எடுக்கும் யோசனையில் இருப்பவர்கள், ஏஜென்டுக்கு முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். 2023 பிப்ரவரியில் நானும் மச்சானும் போய் ஏமாந்து வந்தோம். கொரில்லாவைப் பார்த்தோமா என்றால், பார்த்தோம். "அப்புறம் என்ன ஏமாந்தது?" என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

மலை கொரில்லாக்கள் உலகத்திலேயே ஆயிரத்துச் சொச்சம்தான் இருக்கின்றன. ருவாண்டா, உகாண்டா, காங்கோ மூன்றும் சந்திக்கும் விருங்கா எரிமலைப் பகுதியில் கொஞ்சம், உகாண்டாவின் பிவிண்டி காட்டில் கொஞ்சம், அவ்வளவுதான். பார்க்க வேண்டுமென்றால் அரசு தரும் பர்மிட் வேண்டும். ருவாண்டாவில் அது 1,500 டாலர். உகாண்டாவில் நாங்கள் போனபோது 700. 2024 ஜூலையிலிருந்து 800 ஆக்கிவிட்டார்கள். ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளில் 8 பேர்தான் பார்க்கலாம். காட்டில் எத்தனை மணி நேரம் நடந்தாலும் சரி, கொரில்லாவுக்கு முன்னால் இருக்கக் கிடைப்பது ஒரே ஒரு மணி நேரம்.

இதைத் தவிர 'ஹேபிச்சுவேஷன்' என்று இன்னொரு பர்மிட் உண்டு. மனிதர்களுக்கு இன்னும் முழுதாகப் பழகாத குடும்பத்தோடு, ஆராய்ச்சியாளர்கள் கூடவே 4 மணி நேரம் இருக்கலாம். நாலு பேருக்குத்தான் இடம். விலை அப்போது 1,500 டாலர். படம் எடுக்கிறவனுக்கு இதன் அருமை தெரியும். அடர்ந்த காடு, வெளிச்சமே இருக்காது, ஃபிளாஷ் கூடவே கூடாது. கறுப்பு ரோமத்தைப் பார்த்து கேமரா தானாக எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஏற்றிவிட, இலைகளெல்லாம் வெளுத்துப் போகும். அதைச் சரிசெய்து, மங்கிய வெளிச்சத்துக்காகக் கேமராவின் ஒளி உணர்திறனை (ஐஎஸ்ஓ) 3200, 6400 என்று வைத்துத் தடுமாறி முடிப்பதற்குள் ஒரு மணி நேரம் போயே போய்விடும். நாலு மணி நேரம் என்றதும் நான் விழுந்தது அதனால்தான்.

இணையத்தில் பிடித்த ஒரு ஏஜென்ட். பெயர் சொல்லப் போவதில்லை. வாட்ஸ்அப்பில் உடனுக்குடன் பதில், மரியாதையான பேச்சு. இரண்டு பேருக்கு ஐந்து நாள், ஹேபிச்சுவேஷன் பர்மிட்டோடு 5,200 டாலர் என்றார். பாதியை முதலிலும் மீதியைப் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பும் வங்கி மூலம் அனுப்பினோம். கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லை, ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. மச்சான் அப்போதே, "மாப்ளே, இது என்னமோ சரியில்லையே" என்றார். நான்தான், அங்கேயெல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். பர்மிட் எங்கே என்று கேட்டதற்கு 'பர்மிட் உறுதி' என்று ஒரு பிடிஎஃப் வந்தது. அது அவர்களே தட்டச்சு செய்த காகிதம் என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

இன்னொரு தடயமும் கண்ணெதிரே இருந்தது. பிவிண்டி ஒரே காடுதான் என்றாலும் புஹோமா, ருஹிஜா, ருஷாகா, ன்குரிங்கோ என்று நாலு நுழைவுப் பகுதிகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மலைப்பாதையில் மணிக்கணக்கில் போக வேண்டும். பர்மிட் எந்தப் பகுதிக்கோ, அங்கேதான் தங்க வேண்டும். ஹேபிச்சுவேஷன் நடப்பது தெற்கே ருஷாகா, ன்குரிங்கோ பக்கம். எங்களுக்கு அறை போட்டிருந்தது வடக்கே புஹோமாவில். வரைபடத்தை ஒரு தடவை விரித்துப் பார்த்திருந்தாலே போதும்.

முதல் நாள் இரவு சாப்பிடும்போது டிரைவர் வந்து, காலையில் ஐந்து மணிக்குக் கிளம்பணும், உங்கள் பர்மிட் ருஹிஜாவில் என்றார். அவர் பாவம், சொன்னதைச் செய்கிறவர். இருட்டில் கிளம்பி, குலுங்கிக் குலுங்கி இரண்டு மணி நேரம். ரேஞ்சர் நிலையத்தில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்த அம்மா பட்டியலில் எங்கள் பெயரைக் கண்டுபிடித்துச் சிரித்தார். "உங்களுடையது சாதாரண பர்மிட். ஒரு மணி நேரம்." உண்மையான பர்மிட்டை அப்போதுதான் முதன்முதலில் பார்த்தேன். பெயர், பாஸ்போர்ட் எண், தேதி, பகுதி எல்லாம் சரியாக இருந்தது. விலையும் இருந்தது: 700 டாலர்.

நாங்கள் கட்டிய 1,500 டாலர் பர்மிட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் ஆளுக்கு 800, இரண்டு பேருக்கு 1,600 டாலர். நம் பணத்தில் சுமார் 1,30,000 ரூபாய்.

அங்கேயிருந்தே ஏஜென்டுக்குப் போன் போட்டேன். ஹேபிச்சுவேஷன் நிரம்பிவிட்டது, அதனால் இதைவிட நல்ல குடும்பத்தைத் தந்திருக்கிறோம் என்றார், ஏதோ எனக்கு உபகாரம் செய்தது போல. அடுத்ததாகச் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ரேஞ்சர் கையில் 50 டாலர் வைத்தால் பக்கத்திலேயே விடுவார்களாம், லென்ஸே தேவைப்படாதாம். நமக்கு வரும் சளி, காய்ச்சல் கொரில்லாவைக் கொன்றுகூட விடலாம். அதற்காகத்தான் முகக்கவசம் போடச் சொல்கிறார்கள், முன்பு 7 மீட்டராக இருந்த இடைவெளியைக் கொரோனாவுக்குப் பிறகு 10 ஆக்கினார்கள், சளி பிடித்தவர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். நான் தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் 70-200 லென்ஸ் வைத்திருந்தேன், பத்து மீட்டருக்கு அது தாராளம். யாராவது இப்படிச் சொன்னால் அந்த நிமிஷமே அந்த ஏஜென்டை விட்டுவிடுங்கள்.

நடை மூன்று மணி நேரம். செங்குத்துச் சரிவு, சேறு, காஞ்சொறி. கையுறை கொண்டு போங்கள். என் பையைத் தூக்கிவந்த உள்ளூர் போர்ட்டர் பையன் இல்லாவிட்டால் நான் பாதியிலேயே உட்கார்ந்திருப்பேன். இருபது டாலர், அந்தப் பயணத்தில் நியாயமாகச் செலவான காசு அதுதான். பெரிய ஆண் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி தண்டு உரித்துத் தின்றுகொண்டிருந்தது. ஒரு குட்டி கொடியில் தொங்கி வந்து விழுந்தது. ஐம்பது நிமிஷம் கழித்துத்தான் அந்தப் பெரியது திரும்பியது. ஏழெட்டுப் படம் எடுத்திருப்பேன், ரேஞ்சர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

ஊர் திரும்பி இரண்டு மாதம் விடாமல் எழுதியதில் 200 டாலர் வந்தது. அதோடு வாட்ஸ்அப்பில் என்னைத் தடை செய்துவிட்டார்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் முறையிட்டிருக்கலாம், நேரடியாக அனுப்பிய பணத்துக்கு அந்த வழியும் இல்லை. உகாண்டா டூர் ஆபரேட்டர்கள் சங்கத்தில் இவர்கள் உறுப்பினர் இல்லை என்பதையும் பிறகுதான் பார்த்தேன். நம் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் போட்ட அசல் பர்மிட்டின் நகலைக் கேளுங்கள். அதில் பகுதியையும் வகையையும் பார்க்காமல் மீதிப் பணத்தை அனுப்பாதீர்கள். பர்மிட் தருவது உகாண்டா வனவிலங்கு ஆணையம். சந்தேகம் இருந்தால் அவர்களுக்கே எழுதிக் கேட்கலாம்.

அந்த ஏழெட்டுப் படத்தில் ஒன்றை இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தேன். போன வாரம் மச்சான் ஒரு விளம்பரத்தை அனுப்பினார். அதே ஏஜென்ட், அதே படம், என் பெயர் மட்டும் வெட்டப்பட்டிருக்கிறது. மேலே கொட்டை எழுத்தில்: 'நாலு மணி நேர கொரில்லா அனுபவம், இடங்கள் குறைவு'.